மோட்டார் கொட்டகைப் படங்கள்

பாரிஸ்,
8-2-1981

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுவாமிநாதனின் வணக்கம். குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறேன். உன் உடம்பு, அத்தான் உடம்பு, அரசியின் படிப்பு எல்லாவற்றையும் விவரமாக எழுது.

ஒரு வேடிக்கையான உதவி வேண்டும். உங்கள் வயல் வரப்பில் நிற்கும் கருவேல மரத்துப் பிசின் எனக்கு வேண்டும். சிரிக்காதே. நான் வேலை பார்க்கும் படக்கடையில் இயந்திரம் ஒரு பக்கம் பிலிமை விழுங்கி மறுபக்கம் படத்தைத் துப்புகிறது. அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன நாங்கள் சிலபேர் சேர்ந்து, நூறு வருஷத்துக்கு முன்னால் கையால் படம் போட்ட முறையைத் திரும்பச் செய்து பார்க்கிறோம். பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் வண்ணப்பொடியும் டைகுரோமேட் என்ற காவி நிற உப்பும் கலந்து காகிதத்தில் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். மேலே பிலிமையோ இலையையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடத்தில் பிசின் இறுகிக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். நிழல் விழுந்த இடம் தண்ணீரில் கரைந்துவிடும். மிஞ்சுவதுதான் படம்.

இங்கே கடையில் விற்கும் பிசினில் உயிரே இல்லை என்கிறாள் எங்கள் குழுவில் இருக்கும் ஹெலேன். நம்மூர்ப் பிசினை அவளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புத் தம்பி,
சுவாமிநாதன்


சுரக்குடி,
3-3-1981

அன்புத் தம்பி சாமிநாதனுக்கு,

அக்கா பங்கஜவல்லி ஆசீர்வதித்து எழுதுவது. உன் அத்தானுக்கு முதுகுப் பிடிப்பு. அரசி பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள். மாமியார் நலத்துக்கு என்ன குறை, அவர் நலமாக இருப்பதால்தான் மற்றவர்களுக்கு மூச்சு முட்டுகிறது.

பாரிசில் கிடைக்காத சாமான் என் வரப்பில் கிடைக்கிறது என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பண்ணை வேலை செய்யும் காத்தமுத்துவை மரத்தில் ஏற்றிப் பிசினைச் சுரண்டி, தூசி தட்டி, பொட்டலம் கட்டிப் பார்சல் அனுப்பியாயிற்று. "என்னா ஆயி, பிசின போயி ஏரோப்ளேன்ல ஏத்துறீங்க?" என்று அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை நானும் போட்டுப் பார்த்தால் என்ன? டிராயிங்கில் ஹையர் கிரேடு பாஸ் செய்தவள் நான், மறந்துவிடாதே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த அப்பா உன்னைப் பாரிசுக்கு அனுப்பினார், என்னைச் சுரக்குடிக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு வாசல் கோலம் தவிர வேறெதையும் என் கை வரையவில்லை. வெயில் உங்கள் ஊரைவிட எங்களிடம் நிறையவே இருக்கிறது. எப்படிச் செய்வது என்று வரிசையாக எழுது.

உனக்கும் வயது முப்பத்துநாலு ஆகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் நழுவுகிறாய். இந்தத் தடவையாவது பதில் எழுது.

அக்கா


பாரிஸ்,
25-3-1981

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகமறிய ஆவல். அத்தான் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் பிசின் வந்து சேர்ந்தது. ஹெலேன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேன் என்றாள். நீயும் படம் போடப் போகிறாய் என்று நான் சொன்னபோது எங்கள் குழுவே கைதட்டியது. செய்முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அந்த உப்பு கும்பகோணத்தில் சாயக்காரர்களுக்கு மருந்து விற்கும் கடையில் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். அந்த உப்பு வெறும் கையில் படக் கூடாது. கீறல், வெட்டு இருந்தால் தொடவே கூடாது. தூள் மூக்கில் ஏறக் கூடாது. காரைக்கால் அஜீசுன்னிசா அக்காவின் மகன் ஊருக்கு வருகிறான், அவனிடம் நல்ல ரப்பர் கையுறை கொடுத்தனுப்புகிறேன்.

முதல் படத்தை எனக்கு அனுப்ப வேண்டும்.

சுவாமிநாதன்


சுரக்குடி,
2-6-1981

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் அத்தான் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தெருவெல்லாம் பாரிஸ் வாசனை வீச நடக்கிறார்.

நாலு படம் இத்துடன் இருக்கிறது. முதலில் போட்டதெல்லாம் சேறு. காகிதம் ஊறிக் கிழிந்தது, பிசின் மொத்தமும் கரைந்து ஓடியது. மாமியார் வந்து பார்த்துவிட்டு, "படிச்ச பொம்பள பண்ணுற வேலையப் பாரு, சாணியக் கரைச்சுக் காயிதத்துல பூசிக்கிட்டிருக்கா" என்றார். அப்புறம் ஒரு மத்தியானம் நெற்கதிர் ஒன்றை வைத்துக் கொல்லையில் காயவைத்துவிட்டுத் தண்ணீரில் போட்டேன். நிறம் கலைந்து கலைந்து, கதிர் மட்டும் வெள்ளையாக, ஒவ்வொரு மணியின் சுணையோடும் எழுந்து வந்தது. தம்பி, நான் அழுதுவிட்டேன். அரசியைப் பெற்றபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அந்த உப்பு கட்டி கட்டியாகத்தான் கிடைக்கிறது. மிளகு இடிக்கும் சின்ன உரலில் இடித்துக்கொள்கிறேன். இடித்தால் தும்மல்தான் தாங்க முடியவில்லை. தண்ணீரில் காகிதத்தை விரல் நுனியால் தடவித் தடவிக் கொடுத்தால்தான் நிறம் நான் சொன்ன பேச்சைக் கேட்கிறது. விரலெல்லாம் மருதாணி வைத்தாற்போல் சிவந்து கிடக்கிறது.

அரசி பாஸ் செய்துவிட்டாள். வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலில்லை.

அக்கா


பாரிஸ்,
28-6-1981

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலந்தானே?

உன் நெற்கதிரை எங்கள் குழுவில் ஆளுக்கு ஆள் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பல வருஷமாக இதைச் செய்பவர்களுக்கும் இந்த மென்மை வரவில்லை. வரும் பிப்ரவரியில் நாங்கள் ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஒரு சுவர் முழுவதும் உன் படங்கள்தான். கீழே உன் பெயர். போன தடவை ஊரில் எடுத்த பிலிம்களையும் பெரிதாக்கி அனுப்புகிறேன், வயலில் கூட்டமாக நடவு நடுகிற படம் அதில் இருக்கிறது.

உரலில் இடிக்காதே அக்கா. கட்டியாகவே வெந்நீரில் போட்டால் கரையும். உன் கடிதத்தில் கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. போட்டுக்கொள்கிறாயா, இல்லையா?

சுவாமிநாதன்


சுரக்குடி,
20-9-1981

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. சம்பா நடவு. எல்லோரும் நலம். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

கையுறை பத்திரமாக இருக்கிறது.

ஒரு நல்ல சேதி. எனக்கென்று தனி இடம் கிடைத்துவிட்டது. வயலோரத்து மோட்டார் கொட்டகை உனக்கு நினைவிருக்கும். இப்போது அது என்னுடையது. கதவைச் சாத்தினால் நல்ல இருட்டு, திறந்தால் நல்ல வெயில், தண்ணீர் பக்கத்திலேயே. 'பங்கஜம், அடுப்பைப் பார், மாட்டைப் பார்' என்ற சத்தம் இல்லை. சோறுகூட நான் இருக்கும் இடத்துக்கே வந்துவிடுகிறது. யாரும் உள்ளே வந்து எதையும் தொடுவதில்லை. நடவுப் படத்தை மூன்று நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு முடித்துவிட்டேன். கண்காட்சிக்கு வேண்டியதெல்லாம் மார்கழிக்குள் முடியும்.

நெடுங்காட்டிலிருந்து அரசிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் ஆபீஸ் வேலை.

அக்கா


சுரக்குடி,
2-11-1981

அன்புள்ள மாமாவுக்கு,

மங்கையர்க்கரசி வணக்கம். உங்கள் நலமறிய ஆவல். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மாவுக்குத் தனி இடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லி அப்பாவுக்கு எழுதியிருந்தீர்கள். அப்பா அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மாமா, அம்மாவைப் பெருநோய் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆடி மாதம் விரல் மூட்டுகளில் வட்டம் வட்டமாகக் குழி விழுந்தது. துளை போட்ட மாதிரி இருக்கும், ஆனால் அவ்வளவாக வலிக்காது என்பாள். மூக்கிலும் புண். மூச்சு விட்டால் சீழ்க்கை மாதிரி சத்தம் வருகிறது. வலிக்காத புண்ணென்றால் அதுதான் என்று தெருவில் பேசினார்கள். அப்பா காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த அன்று சாயங்காலமே அம்மாவின் பாயையும் தட்டையும் மோட்டார் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

நான்தான் சோறு கொண்டு போகிறேன். வரப்பில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று அப்பாயி உத்தரவு. நான் உள்ளே போய் அம்மாவோடு உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன். எனக்குப் பயமில்லை. காகிதங்களை நான்தான் அலசிக் கொடுக்கிறேன்.

இதை எழுதியதாக அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அரசி


பாரிஸ்,
19-11-1981

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அரசியைத் திட்டாதே.

உனக்குப் பெருநோய் இல்லை. அந்த உப்பு தோலைத் துளைக்கும், மூக்கின் நடுத்தண்டையும் துளைக்கும். சாயப் பட்டறைக்காரர்களுக்கும் தோல் பதனிடுபவர்களுக்கும் வருவதுதான் இது. நிறுத்திவிட்டால் ஆறிவிடும். இந்தக் கடிதத்தை அத்தானிடம் கொடு. அவரே உன்னை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போகட்டும். கண்காட்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அரசியை அந்தத் தண்ணீரில் கைவைக்க விடாதே.

உடனே பதில் போடு.

சுவாமிநாதன்


சுரக்குடி,
12-12-1981

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நிஜமாகவே நலம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ எழுதியது எனக்கு முன்னாலேயே தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு உள்ளே வர உன் அத்தானுக்குப் பயம். எதிரே டீக்கடையில் நின்றுவிட்டார். டாக்டரம்மா பஞ்சால் தடவினார், ஊசியால் குத்தினார். குத்திய இடமெல்லாம் சுரீரென்றது. "இது பெருநோய் இல்லம்மா. எந்த மருந்துல கைய வெக்கிறீங்க? அத விட்டுட்டாத் தானா ஆறிடும்" என்றார்.

வெளியே வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்று உன் அத்தான் கேட்டார். அதற்கு முந்தின நாள்தான் மாமியார் என் படம் அழுத்தும் கண்ணாடியை உடைத்து, காகிதம் அலசும் தட்டுகளைக் குப்பையில் கொட்டியிருந்தார். மருந்தால் வந்த புண் என்று நான் சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் பேசாமல் நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் பஸ்ஸில் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பொய் சொல்லவில்லை சாமிநாதா. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது இப்போதுதான். இதை நீ ஆம்பிளை, புரிந்துகொள்ள மாட்டாய். கையுறையைக் காத்தமுத்துவிடம் கொடுத்துவிட்டேன். பூச்சிமருந்து கலக்கிக் கலக்கி அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து கிடந்தது. எழுதினால் திட்டுவாய் என்று எழுதவில்லை. நானும் அறுப்பு, கட்டு என்று கையெல்லாம் கீறலோடு வேலை செய்தவள்தான்.

நீ பயப்படாதே. உன் கண்காட்சி முடியட்டும். அப்புறம் உப்பைத் தொட மாட்டேன். புண் ஆறும். மாமியார் எனக்காகத் திருநள்ளாற்றுச் சனீஸ்வரனுக்கு எள்விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். சாமி குணமாக்கிவிட்டார் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள், அவருக்கும் பெருமையாக இருக்கும். நானும் வீட்டுக்குள் போய்விடுவேன். தை பிறந்ததும் நெடுங்காட்டார் பரிசம் போட வருகிறார்கள். எனக்கு வயிற்றுக் கோளாறு என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறதாம்.

மிச்சப் படங்களை இத்துடன் அனுப்புகிறேன். பத்திரம்.

அக்கா


சுரக்குடி,
6-3-1982

சாமிநாதா,

கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. என் பெயர் பிரெஞ்சில் அழகாகத்தான் இருக்கிறது.

பரிசத்தன்று நெடுங்காட்டுச் சம்பந்தியம்மாள் வளையல் போட அரசியின் கையைப் பிடித்திருக்கிறாள். வலது கை நடுவிரல் மூட்டில் ஒரு குழி, சுண்டுவிரலில் ஒன்று. முழுக்கைச் சட்டையை விரல்வரை இழுத்துவிட்டு, மஞ்சள் பூசி மறைத்துவைத்திருக்கிறது பெண். என்னிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் நான் அவளைக் கொட்டகைக்கு வராதே என்பேனாம். சம்பந்தியம்மாள் கையை உதறிவிட்டு, "ஆத்தாளுக்கு வயித்து வலின்னியளே, இதானா அது?" என்று எழுந்துவிட்டாள். வந்த தாம்பாளங்கள் அப்படியே திரும்பிப் போயின.

நான் ஓடினேன். நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். உன் அத்தான், "அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல கேட்டேனே, வாயத் தொறந்தியாடி? இப்ப மவளுக்காக மாத்திப் பேசுற" என்றார். மறுபடி டாக்டரிடம் போய்ப் பெருநோய் இல்லை என்று எழுதி வாங்கி வந்தேன். காசு கொடுத்து வாங்கியது என்றார்கள். கடைசியில் எல்லோரும் பார்க்க என் முழங்கையில் கீறி அந்த உப்பைத் தேய்த்துக் கட்டினேன். சில நாளில் அங்கேயும் குழி விழுந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "பாருங்க, மேல ஏறுது" என்றார் மாமியார்.

இப்போது அரசியின் பாயும் கொட்டகைக்கு வந்துவிட்டது.

உன் அத்தான் ஒரே ஒரு வழி சொன்னார். "நோய் இல்லன்னா தாய்மாமன் வந்து கட்டிக்கிட்டுப் போவட்டும். முறைதானே? அவன் தாலி கட்டுனா, நாங்களும் வந்து அவ கையால சாப்புடறோம்." ஊரும் அதை ஒப்புக்கொண்டது. உன்னிடம் நான் எதையும் கெஞ்சியதில்லை. அரசிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, நல்ல பெண். வயது வித்தியாசம் பெரிதில்லை, நம் வீடுகளில் நடக்காததா? நீ வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடு. என்னைக் கொட்டகையிலேயே விட்டுவிடு, எனக்கு அது போதும்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


பாரிஸ்,
22-3-1982

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஹெலேன் என் மனைவி. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருஷமாகிறது. ஒரு மகன் இருக்கிறான். அப்பா போன வருத்தத்தில் நீ இருந்தபோது எழுத வேண்டாம் என்று தள்ளிவைத்தேன். அப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் நீ கல்யாணத்தைப் பற்றிக் கேட்கக் கேட்க எழுதத் தைரியம் குறைந்துகொண்டே போனது.

அரசிக்கு நான் எதுவும் செய்வேன், இதைத் தவிர. இங்கே தோல் நோய் மருத்துவர் ஒருவர் முத்திரையிட்டு விளக்கமாக எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரெஞ்சில் இருக்கிறது, அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அத்தானிடம் காட்டு. விடுமுறை கிடைத்ததும் நானே வருகிறேன்.

உன் சுவருக்கு முன்னால்தான் கூட்டம் அதிகமாக நின்றது. இதை இப்போது எழுதுவது சரியா என்று தெரியவில்லை.

சுவாமிநாதன்


சுரக்குடி,
30-4-1982

அன்புள்ள மாமாவுக்கு,

அரசி வணக்கம். ஹெலேன் அத்தையையும் தம்பியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். தம்பியின் பெயரை நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பா தெருவிலேயே பிரித்துப் படித்தார். மனைவி, மகன் என்பதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "தாய்மாமனே தொட மாட்டேன்னுட்டான்" என்று மட்டும் சொன்னார். அவரும் பொய் சொல்லவில்லை. ஊருக்கு அது போதுமாக இருந்தது. எங்களுக்கு நோய்தான் என்று ஊரில் முடிவாகிவிட்டதாகக் காத்தமுத்து வரப்பில் நின்று சொல்லி, உங்கள் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதார்.

அதில் இருந்த டாக்டர் காகிதத்தை நான் சோமசேகரன் தாத்தாவிடம் கொண்டுபோனேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், அவருக்கு அந்த பாஷை நன்றாகத் தெரியும். "அங்கயே கீழ வெச்சுட்டுத் தள்ளி நில்லும்மா" என்றார். வைத்தேன். குனிந்து, கைத்தடி நுனியால் பக்கத்தைப் புரட்டி முழுவதும் படித்தார். "ஆமாம், மருந்தாலதான்னு தெளிவா எழுதியிருக்கான்" என்று தலையை ஆட்டினார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டார். காகிதத்தை நானே எடுத்து வந்துவிட்டேன்.

அம்மா இப்போது படம் போடுவதில்லை. மிச்சமிருந்த உப்பைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். நல்ல வெயில் அடிக்கிறது, வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்து அவள் பேசுவதில்லை. நான்தான் எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். எனக்கு அவள்மேல் கோபம் இருக்கிறது மாமா. அதைச் சொன்னால் செத்துப்போவாள் என்று சொல்லாமல் இருக்கிறேன்.

நீங்கள் விடுமுறையில் வருவதானால் நேரே கொட்டகைக்கு வாருங்கள். வீட்டுக்குப் போனால் உங்களை இங்கே விட மாட்டார்கள்.

என் கை முழுவதும் ஆறிவிட்டது. தழும்புகூடச் சின்னதுதான். அதைப் பார்க்கத்தான் யாரும் கிட்டே வருவதில்லை.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி